அக்காவின் மெழுகுதிரியும் என் சுவிச்சும்

எங்கள் வீட்டுப் பாலன் குடிலை எரித்தது அக்கா ஏற்றிய மெழுகுதிரி அல்ல. நான் பொருத்திய சுவிச்!

இதை இன்றுவரை அக்கா அறியார். உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

தோட்டவெளிக் கிராமத்தில், இயேசு பிறப்பைக் காட்டும் எங்கள் குடிலைப் பார்க்க நத்தார்தோறும் அயலவர்கள் வருவார்கள். அட்டையில் சின்னச் சின்ன வீடுகள் செய்து, உள்ளே பன்னிரண்டு வோல்ட் விளக்குகள் பூட்டி, பற்றரியில் எரியவிடுவது எனக்கொரு பித்து. அந்த நத்தாருக்கு விளக்குகளைக் கூட்டினேன். எல்லாம் சேர்ந்து ஐந்து அம்பியருக்கு மேல் இழுக்கும். நான் வாங்கிய சுவிச்சிலோ இரண்டு அம்பியர்தான் தாங்கும் என்று பொறித்திருந்தது!

கடையில் பத்து அம்பியர் சுவிச்சும் இருந்தது, பற்றரி மின்சாரத்துக்கென்றே செய்தது. ஆனால் தடித்தது, அழகில்லாதது. வெள்ளிப் பிடியோடு பளபளத்த சின்னதை எடுத்தேன். வெறும் பன்னிரண்டு வோல்ட்தானே என்று என்னை நானே ஏமாற்றினேன். அறியாமையா? இல்லை... சுவிச்சைச் சூடாக்குவது அதனூடே ஓடும் மின்னோட்டம் என்பது எனக்குத் தெரியும்.

நத்தாருக்கு முதல்நாள் சுவிச்சைத் தொட்டபோது சுட்டது. திருநாள் முடியட்டும், மாற்றலாம் என்று வைக்கோலுக்குள் செருகி மறைத்தேன்.

நத்தார் மாலை அக்கா குடிலின் முன்னே மெழுகுதிரி ஏற்றினார். நாங்கள் குசினியில் சமைத்துக்கொண்டிருந்தபோது குடில் பற்றியது. அக்காவின் மகள் டிலானி பாலன் சுரூபத்தை எடுக்கக் கையை நீட்டினாள்... முழங்கைவரை வெந்துபோயிற்று.

"ஐயோ, நான் ஏத்தின மெழுகுதிரியாலையெல்லோ என்ரை பிள்ளைக்கு இப்பிடியாச்சு!" என்று ஆஸ்பத்திரி வாசலில் அக்கா கதறினார்.

"வைக்கோலுக்குக் கிட்ட வைக்காதையெண்டு எத்தினை தரம் சொன்னனான்!" என்று அத்தான் எல்லோர் முன்னும் சீறினார்.



வீடு திரும்பிச் சாம்பலைக் கிளறினேன். மெழுகுதிரி நின்ற முன்பக்கம் அரைகுறையாகத்தான் எரிந்திருந்தது. சுவிச் இருந்த பின்மூலையே அடியோடு கருகியிருந்தது. உருகிப்போன அதை எடுத்து, கிணற்றடிக்குப் பின்னால் புதைத்தேன். ஏன்? அத்தானின் கோபத்துக்குப் பயந்தா? குடில் கட்டுவதில் கெட்டிக்காரன் என்ற பெயர் போய்விடும் என்றா?

அத்தான் இன்றும் குத்திக்காட்டுவார். அக்கா தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருப்பார். பாவசங்கீர்த்தனத்தில்கூடக் குருவானவரிடம், "பொய் சொன்னனான், சுவாமி" என்று பொதுவாகச் சொல்லித் தப்பினேன்!

போன ஞாயிறு, வளர்ந்துவிட்ட டிலானி என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"மாமா, அம்மா இப்பவும் என்ரை கையைப் பாத்துப் பாத்து அழுறா. நீங்கள் சொன்னாக் கேப்பா. அவவிலை பிழையில்லையெண்டு சொல்லுங்கோவன்."

"ஓம் பிள்ளை, சொல்லுறன்" என்றேன்.

குசினிக்குப் போனேன். சொல்லத்தான் போனேன்... நம்புவீர்களா?

அக்கா திரும்பிப் பார்த்தார். "என்ன தம்பி, தேத்தண்ணி போடட்டே?"

"ஓம், அக்கா."

குடித்துவிட்டு வந்துவிட்டேன்.