தே பாக்கெட்டில் ஒரு பென்சில்

திருச்சியில் பாலர் வகுப்பு எடுத்த காலத்தில் நான் கேட்பேன், பிள்ளைகள் பதில் சொல்லும். கடல் தாண்டி வந்து உட்லண்ட்ஸில் வேலைக்குச் சேர்ந்த பாலர் பள்ளியின் தமிழ் வகுப்பில் எல்லாம் தலைகீழ். பிள்ளைகள்தான் கேட்க வேண்டும். எதைக் கேட்கிறார்களோ அதுதான் பாடம். பதிலை நான் சொல்லிவிடக் கூடாது. "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். தெரிந்த பதிலை வாய்க்குள் அடக்கிக்கொண்டு நாள் முழுக்கச் சிரித்துப் பாருங்கள், அப்போது தெரியும் என் கஷ்டம்.

தகுதிகாண் காலம் முடிகிற வாரம், வகுப்பைப் பார்க்க வருவதாக மேடம் சொல்லிவிட்டார். மேடம் என்றால் எங்கள் தலைமையாசிரியை. இங்கேயே பிறந்து வளர்ந்தவர், லேசில் சிரிக்க மாட்டார். அவருக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் வேலையோடு இந்த ஊரில் தங்குவதற்கான பாஸும் போய்விடும், நான் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இப்படிப்பட்ட நாளைப் பிள்ளைகளை நம்பி விடுவேனா? முந்தின நாளே தேக்கா சந்தைக்குப் போய் மல்லிகை, சாமந்தி, தாமரை என்று கூடை நிறைய வாங்கி வந்தேன். கூடையை வகுப்பின் நடுவில் வைத்தால் பூவைப் பற்றிக் கேட்காமல் எங்கே போவார்கள்? பூவின் பாகங்கள் படத்தை அலமாரிக்குப் பின்னால் ஒளித்தும் வைத்தாயிற்று.

மேடம் வெள்ளைக் கால்சட்டையில் வந்து குட்டி நாற்காலியில் உட்கார்ந்தார். பிள்ளைகள் கூடையை ஒரு பார்வை பார்த்தார்கள். ஒருத்தன் தும்மினான். பூக்கதை அதோடு முடிந்தது.

காலை அவசரத்தில் வாங்கி வந்த ஐஸ் தே கதவுக் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. கடையில் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, வாயைக் கயிற்றால் இறுக்கிக் கொடுப்பார்களே, அதே தேநீர்தான். வகுப்பிலேயே பெரிய வாயாடியான சிறுமி அதன் அடியில் போய் அண்ணாந்து நின்றாள்.

"டீச்சர், இதுல ஹோல் போட்டா தே எல்லாம் வந்துடுமா, கொஞ்சம்தான் வருமா?"

அடிப்பாவி, பூவைக் கேளேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன். மேடம் பேனாவைத் திறந்தார். வேறு வழியில்லை, என்ன நினைக்கிறீங்க என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டு வைத்தேன். வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. குடிக்கத் தண்ணீர்கூடத் தமிழில் கேட்காத வாண்டுகள் கொட்டும், சொட்டும், ஒழுகும் என்று தமிழிலேயே சண்டை போட்டன.

சண்டையைத் தீர்க்க வேண்டுமே! பையை மேசைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். வாயாடி கூராகச் சீவிய பென்சிலால் ஒரே குத்து. பென்சில் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. ஒரு சொட்டு விழவில்லை.

வகுப்பே மேசையைச் சுற்றி மொய்த்தது.

ஏன் டீச்சர் என்றாள் வாயாடி. சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. "தெரியலம்மா, நீ என்ன நினைக்கிற?" என்றேன். சேர்ந்த நாளிலிருந்து கேட்டுவந்த கேள்விதான். அன்றைக்குத்தான் பதில் வேண்டிக் கேட்டேன்.

மேடம் எழுந்து வந்தார். குனிந்து இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு யாரையும் கேட்காமல் பென்சிலைப் பிடித்து உருவிவிட்டார்.

இரண்டு ஓட்டையிலிருந்தும் பீய்ச்சியது. ஒன்று என் புடவைக்கு, இன்னொன்று வெள்ளைக் கால்சட்டைக்கு. ஜெயித்த கட்சி குதியாட்டம் போட்டது. போச்சு, பாஸ் போச்சு என்று காலி பையோடு நின்றேன்.

பென்சில் இருந்தவரை ஏன் ஒழுகவில்லை என்று மேடம் தன் பாட்டுக்கு முணுமுணுத்தார். வாயாடி கையைக் கட்டிக்கொண்டு, அசல் என் குரலிலேயே கேட்டாள்:

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

மேடம் சிரித்தேவிட்டார். வாசல்வரை போனவர், சொட்டச் சொட்டத் திரும்பி நின்றார்.

"டீச்சர், உங்க வேலை கன்ஃபர்ம் லா. நாளைக்கு தே ரெண்டு பாக்கெட்டா வாங்கிட்டு வாங்க."