பாய்களை ஒளித்த ஞாயிற்றுக்கிழமை

மாகாண சபை உறுப்பினரின் அலுவலகத்துக்கு நான் எட்டாம் முறை போனபோது, அவருடைய செயலாளர் என்னைக் கண்டதுமே கதிரையை இழுத்துப் போட்டார். "தங்கச்சி, பேசாம இங்கேயே வேலைக்குச் சேர்ந்துருங்க" என்றார். எனக்கு வெட்கமே வரவில்லை. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்கிறார்கள், உறுப்பினர் நகரமாட்டாரா?

மஹய்யாவ லைனில், சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டு வரிசையில், எங்கள் வீடு ஒரு அறை, ஒரு குசினி. அறையில் அப்பா, அம்மா, நான். குசினியில் அண்ணன், அண்ணி, கைக்குழந்தை. லைனை உடைத்து மாடிவீடு கட்டப்போகிறார்கள், ஆனால் ஒரு கதவிலக்கத்துக்கு ஒரு வீடுதான் என்று பேச்சு. அப்படியானால் அண்ணி புதுவீட்டிலும் அடுப்புக்குப் பக்கத்தில்தான் படுக்க வேண்டும். நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குடும்பத்துக்கு ஒரு வீடு கேட்டுத்தான் அத்தனை கடிதம், அத்தனை நடை.

அன்று உறுப்பினரே வெளியே வந்து, "ஞாயித்துக்கிழமை வந்து பார்க்கிறேன்" என்றார். பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் வீடுவரை ஓடினேன். லைன் முழுக்கக் கல்யாணக் களை வந்துவிட்டது.

அங்கேதான் கோட்டைவிட்டோம். விருந்தாளி வருகிறார் என்றால் எங்கள் சனத்துக்கு வீட்டை அப்படியே காட்டத் தெரியாது. வெள்ளையடித்தார்கள், சாணி மெழுகினார்கள். பாய், தலையணை, தொட்டில் சேலை, இரண்டாவது அடுப்பு எல்லாம் கோயில் மண்டபத்துக்குப் போயின. "நெரிசலா இருந்தா பெரிய மனுசனுக்கு எங்க உட்கார எடம்?" என்று மருமகள்களையும் பிள்ளைகளையும் அங்கேயே அனுப்பினார்கள். முன்னால் நின்று அனுப்பியது என் அம்மா. எனக்கும் அது அழகாகத்தான் பட்டது. வெட்கக்கேடு.

உறுப்பினர் வந்தார். அண்ணன் அன்று வேலையில்; வீட்டில் அப்பா, அம்மா, நான் மட்டும். தேத்தண்ணி குடித்தார். சுற்றிலும் பார்த்தார். "மூணு பேருக்கு நல்ல வசதியாத்தானே இருக்கு" என்றார். அப்பா பெருமையாகத் தலையாட்டினார்! பக்கத்து வீட்டிலும் அதே கதை. செயலாளர் கொப்பியை மூடினார்.

"சேர், அஞ்சு நிமிசம் நில்லுங்க" என்று கத்திக்கொண்டே மண்டபத்துக்கு ஓடிக் கதவைத் திறந்தேன். "எல்லாரும் அவங்கவங்க பாயைத் தூக்கிக்கிட்டு வாங்க. அவங்கவங்க வாசல்ல நில்லுங்க."

வந்தார்கள். ஐயோ, எத்தனை பேர்! பாயும் பிள்ளையுமாக ஒவ்வொரு வாசலிலும் இரண்டு குடும்பம், மூன்று குடும்பம். அம்மா என் காதருகில், "மானத்த வாங்கிட்டியேடி" என்றார். உறுப்பினர் தொண்டையைக் கனைத்தார். பிறகு செயலாளரிடம், "கதவை விடுங்க, குடும்பத்தை எழுதுங்க" என்றார்.

எங்கள் வாசலில் அண்ணி ஒரு கையில் குழந்தையும் மறு கையில் பாயுமாக நின்றார். செயலாளர் பெயரைக் கேட்டார். அண்ணி மாமனார் பெயரைச் சொன்னார். "அவர் பேரு இருக்கு. உங்க பேரு?" அண்ணி என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தன் பெயரைச் சொன்னார். தனி வரியில் அது ஏறியதைப் பார்த்தபோது குதிக்கவேண்டும்போல இருந்தது, குதித்தேன்.

அந்த ஒரு வரி வீடாவதற்கு இன்னும் எத்தனையோ முறை அந்த அலுவலகப் படியேறினேன். இப்போது அண்ணி மூன்றாம் மாடியில் இருக்கிறார். யார் வந்து கதவைத் தட்டினாலும் அவர் பாயைச் சுருட்டுவதில்லை.