விதைச் சாமைப் பாயசம்

விதைக்கு வைத்தது எது, சோற்றுக்கு வைத்தது எது என்று தெரியாத ஒருவன் சமையல் வகுப்பில் முதல் பரிசு வாங்கினான். அவன் நான்தான். இத்தனை வயதுக்கு அப்புறமும் யாராவது இலையில் பாயசம் ஊற்றினால் எனக்குக் காது மடல் சூடாகிவிடுகிறது. பாயசத்தின் மேல் ஒரு கோபமும் இல்லை. செய்தவன் மேல்தான்.

நான் ஆம்பூர்க்காரன். அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் தரம் பிரிக்கிறவர். ஒரு தோலைத் தொட்டதும் அது எந்த வகை, எங்கே ஓட்டை இருக்கும் என்று சொல்லிவிடுவார். அவருக்குப் பிறந்த நான் எதைத் தொட்டாலும் ஓட்டை விழும். ஷாப்புப் பக்கம் வராமல் இருந்தால் போதும் என்றுதான் என்னை வேலூர்ப் பக்கத்து ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் சேர்த்துவிட்டார் என்பது என் சந்தேகம்.

அந்தப் பள்ளியில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் இருந்தார். துரைசானி என்போம். கிராமத்துக்கு வாத்தியாராகப் போகிறவனுக்கு அடுப்பு மூட்டத் தெரிய வேண்டும் என்று திடீரென்று சமையல் வகுப்பு ஆரம்பித்துவிட்டார். மீசை வைத்தவனெல்லாம் கரண்டி பிடிப்பதா என்று பாதிப் பேருக்கு ரோஷம். எனக்கு மட்டும் ஏகக் குஷி. அரட்டைக்கு ஒரு வகுப்பு கூடக் கிடைத்தால் வேண்டாம் என்பேனா?

ஆனி மாதத்தில் அவர் ஒரு வேலை கொடுத்தார். புராஜக்ட் என்றார், அந்த வார்த்தையையே அன்றுதான் கேட்டோம். அவரவர் வீட்டில் பொங்காத தானியம் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். அது விளைகிற இடத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். பிறகு சமைத்து, வகுப்புக்கே பரிமாறி, அதைப் பற்றிப் பேசவும் வேண்டும். கம்பையும் கேழ்வரகையும் மற்றவர்கள் பாய்ந்து எடுத்துக்கொண்டார்கள். நெல்லுச்சோறு தவிர வேறெதையும் நான் தின்றதில்லை. யாரும் தொடாததைத் தொட வேண்டும் என்ற கொழுப்பில் சாமை என்றேன்.

அந்தப் பெயர் எனக்குத் தெரிந்ததே விடுதியில் என் பக்கத்துப் படுக்கைக்காரனால்தான். ஆலங்காயத்துக்கு அந்தாண்டை, காட்டு ஓரத்துக் கிராமம் அவனுக்கு. அப்பா இல்லை. அம்மாவும் ஒரு துண்டு மேட்டு நிலமும்தான். அந்த நிலத்தில் வருஷத்துக்கு ஒரு வெள்ளாமை, அது சாமை. பேச்சு அவனுக்கு அளந்து வரும். இரண்டு பேருக்கும் சேர்த்து நானே பேசிக்கொள்வேன்.

ஒரு சனிக்கிழமை வாணியம்பாடியில் ரயிலை விட்டு இறங்கி, வண்டி பாதி நடை பாதியாக அவன் வீட்டுக்குப் போனோம். அவன் அம்மா சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் போட்டார்கள். குருவி தின்கிற தீனியை மனிதனுக்குப் போடுகிறீர்களே என்று நான் தமாஷ் பண்ண, குருவியைவிட ஜாஸ்தி தின்கிறீரே வாத்தியாரே என்றார்கள். மூன்று தரம் வாங்கித் தின்றிருந்தேன். படிப்பு முடியுமுன்பே என்னை வாத்தியார் என்று கூப்பிட்ட முதல் ஆள் அவர்கள்தான்.

மறுநாள் காலையில் தாயும் மகனும் உழவுக்குக் கிளம்பினார்கள். அவன் ஒரு நாள் கூட இருந்து ஓட்டிவிட்டு வருவான். நான் மதிய ரயிலைப் பிடிக்க வேண்டும். வாசலில் இறங்கும்போது அந்த அம்மாள் திரும்பிப் பார்த்து, "அடுப்பாண்ட கீற பானையில வேணுங்கிற மட்டும் எடுத்துக்கோ வாத்தியாரே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அடுப்பாண்டைப் பானையைத் திறந்தேன். தூசியும் தும்புமாக அடியில் கொஞ்சம் சாமை. இங்கேதான் என் ஆம்பூர் மூளை வேலை செய்தது. தோல் மண்டியில் கட்டின் மேலே இருப்பது காட்டுவதற்கு. நல்ல சரக்கு அடியில் இருக்கும். சின்ன வயசிலிருந்து அப்பா வாயால் கேட்ட பாடம். அண்ணாந்து பார்த்தேன். பரண் மேல் ஒரு பானை, வாய்க்குச் சாணி மெழுகி மூடியிருந்தது. ஆகா, விருந்தாளி கண்ணில் படாமல் ஒளித்திருக்கிறார்கள் பார் என்று சிரித்துக்கொண்டே இறக்கி, மெழுகை உடைத்துத் திறந்தேன். உள்ளே நொச்சி இலை, சாம்பல், அதற்குள் ஒரே சீராக, முத்து முத்தாகச் சாமை.

சாம்பலைக் கண்டு கொஞ்சமும் யோசிக்கவில்லை. எங்கள் ஊரில் பச்சைத் தோலுக்கு உப்புப் போட்டு வைப்பார்கள். வேலை தொடங்குமுன் முதலில் உப்புப் போகக் கழுவ வேண்டும். தோலுக்கு உப்பு மாதிரி தானியத்துக்குச் சாம்பல் போலிருக்கிறது என்று, பானை மொத்தத்தையும் கிணற்றடிக்குத் தூக்கிப் போய் நாலு தண்ணீர் விட்டு அலசினேன். வகுப்பில் முப்பது பேர் என்று ஒரு மணி மிச்சம் வைக்காமல் மூட்டை கட்டினேன். வெறும் பானையைப் பழையபடி பரணில் ஏற்றித் தட்டால் மூடியும் வைத்தேன். ஒழுங்கானவன் பாருங்கள்.

விடுதியில் காயவைத்து, குத்துகிற பெண்களிடம் கொடுத்து உமி போக்கி அரிசியாக்கினேன். அரிசிச் சோற்றுக்கு வைக்கிற மாதிரி முதல் தடவை தண்ணீர் வைத்தேன், அடி பிடித்தது. இரண்டாம் தடவை தண்ணீரைக் கூட்டினேன். சுவரொட்டி ஒட்டலாம் போலக் கூழானது. மூன்றாம் தடவை இட்லி என்று ஒன்றைச் செய்து, விடுதி நாய்க்கு வைத்தேன். அது என்னைப் பார்த்துவிட்டு நகர்ந்து போயிற்று. ஒவ்வொரு தடவையும் கூச்சமில்லாமல் கொட்டினேன். மிச்சத்தை நெய்யில் வறுத்து, பாலில் வேகவிட்டு, வெல்லமும் ஏலக்காயும் போட்டபோது பாயசம் வந்துவிட்டது. நானே அசந்துபோனேன்.

வகுப்பு நாளில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுப் பேச எழுந்தேன். தானியத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? தெரிந்தது சிரிக்க வைப்பது ஒன்றுதான். காட்டு ஓரத்து ஜனங்கள் புதையலைப் போலச் சாமையை எப்படிப் பரணில் ஏற்றுகிறார்கள், சாணி மெழுகி, சாம்பலில் புதைத்து, இலை போட்டு எப்படிச் சீக்காளி போலப் படுக்க வைக்கிறார்கள், அதை நான் எப்படித் துப்பறிந்து பிடித்தேன் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். வகுப்பு வயிற்றைப் பிடித்துக்கொண்டது.

துரைசானி மட்டும் சந்தேகத்தோடு என் தோழனைப் பார்த்து, உங்கள் ஊரில் சாப்பாட்டுத் தானியத்தை இப்படித்தான் வைப்பீர்களா என்று கேட்டார். அவன் எழுந்து நின்றான். என்னை ஒரு தரம் பார்த்தான். ஆமாங்கம்மா என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். பிறகு குனிந்து, இலையில் இருந்த பாயசத்தை நிதானமாகத் தின்றான். விரலால் வழித்து, ஒரு மணிகூட விடவில்லை. பையனுக்குப் பிடித்துவிட்டது என்று நான் ஓடிப்போய் இன்னொரு கரண்டி ஊற்றினேன். அதையும் அப்படியே தின்றான்.

பரிசு எனக்குத்தான். பூவேலை செய்த வெள்ளை ஏப்ரன். அதைக் கட்டிக்கொண்டே கிணற்றடியில் அவனைத் தேடிப் போனேன், ஒரு சபாஷ் வாங்கலாம் என்று. அவன் கை கழுவிக்கொண்டிருந்தான்.

"பானையில மிச்சம் ஏதாச்சும் வச்சியா?" என்றான்.

இல்லை, முப்பது பேர் ஆச்சே என்றேன்.

"அது வெதைடா" என்றான். "மழை உழுந்தா வெதைக்கிறதுக்கு."

அடுத்த ஊரில் கேட்டு வாங்கக் கூடாதா என்று உளறினேன். எல்லோரும் அவரவருக்கு வேண்டியதைத்தான் வைப்பார்கள், மழை வருகிற நேரத்தில் யார் கொடுப்பார்கள் என்று சொல்லிவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். அவன் திட்டியிருந்தால் ஏதாவது திருப்பிச் சொல்லித் தப்பித்திருப்பேன். வகுப்பு முழுக்க என் மானத்தைக் காப்பாற்றிவிட்டு அவன் இரண்டு கரண்டி தின்றானே. ஏப்ரனை அவிழ்க்க முடிச்சு வரவில்லை. அதோடேயே விடுதிக்குப் போனேன்.

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. விடுதியே ஆனந்தமாக நனைந்தது. அவன் மட்டும் ஜன்னல் ஓரம் நின்று பார்த்தான். நான் அவன் பக்கமே திரும்பவில்லை. தமாஷ் பேச வாயைத் திறந்தால் பாயச வாசனை வந்தது.

சனிக்கிழமை அவனிடம் சொல்லாமல் புறப்பட்டேன். வாணியம்பாடியில் சாமை விற்கிற சாயபுவின் கடையைத் தேடிப் பிடித்து, இருப்பதிலேயே ஒசத்தியானது வேண்டும் என்றேன். இரண்டு மூன்று ரகம் காட்டினார். உமியோடு இருந்த அழுக்குச் சரக்கை எல்லாம் ஒதுக்கித் தள்ளினேன். மட்டமானதைக் கொண்டுபோய்க் கொடுத்து அந்த அம்மாளை மறுபடி அவமானப்படுத்தக் கூடாதல்லவா. வெள்ளை வெளேரென்று, கண்ணாடி மாதிரி இருந்ததைப் பொறுக்கி, பானையில் இருந்ததைவிடக் கூடவே வாங்கினேன். மூட்டை தோளை அழுத்தியது. அந்தக் கனம் எனக்குச் சுகமாகவே இருந்தது. பாதி பாவம் வழியிலேயே கரைந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

ஊரை நெருங்கும்போது இரண்டு பக்கமும் விதைப்பு நடந்துகொண்டிருந்தது. ஆண்களும் பெண்களும் மடியிலிருந்து அள்ளி அள்ளி வீசினார்கள். நடுவில் ஒரு துண்டு நிலம் மட்டும் உழுதபடி, ஈரமாக, ஆளில்லாமல் கிடந்தது. யாருடையது என்று நான் கேட்கவில்லை.

அந்த அம்மாள் வீட்டு வாசலில் முறம் புடைத்துக்கொண்டிருந்தார்கள். பரண் பானை சுவரோரம் கவிழ்த்து வைத்திருந்தது. வா என்று தலையை ஆட்டினார்கள். வழியெல்லாம் மனப்பாடம் பண்ணி வைத்திருந்த மன்னிப்பு ஒரு எழுத்துகூட நினைவுக்கு வரவில்லை. மூட்டையை இறக்கி அவிழ்த்தேன். விதைக்குக் கொண்டுவந்திருக்கிறேன், கடையிலேயே முதல் தரம், பாருங்கள் ஒரு உமிகூட இல்லை என்றேன்.

அவர்கள் ஒரு கை அள்ளி, வெளிச்சத்தில் காட்டி, கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார்கள். பிறகு ஒன்றும் சிந்தாமல் திரும்பவும் மூட்டையில் விட்டார்கள்.

"அரிசி மொளைக்காது வாத்தியாரே."