அடிநகத்து வெள்ளை

சிந்தாமணி வந்து உட்கார்ந்ததும் பெண்ணின் முகத்தைப் பார்க்க மாட்டாள். "கையைக் கொண்டா ஆத்தா" என்பாள். கல்யாணப் பெண் பயந்துகொண்டே நீட்டும் கையை வாங்கி, வெளிச்சத்துக்குத் திருப்பி, விரல் விரலாக நகத்தை மட்டும் பார்ப்பாள். அதற்குள் அந்த வீட்டுச் சமாசாரம் பாதி அவளுக்குத் தெரிந்துவிடும். "சாம்பல் போட்டுப் பாத்திரம் வெளக்குற கை இது. இன்னையிலேருந்து கல்யாணம் முடியுற வரைக்கும் இவ பாத்திரத்தத் தொடக் கூடாது, சொல்லிட்டேன்" என்று பெண்ணின் தாய்க்கு உத்தரவு போடுவாள். உடையார்பாளையம் தாலுகாவில் ஆளை வைத்து அதட்டுகிற மிராசு வீட்டு அம்மாள்கள்கூட இந்த உத்தரவுக்கு மறுபேச்சுப் பேசியதில்லை. பிறந்த வீட்டில் அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த ஓய்வு சிந்தாமணி வாங்கிக் கொடுத்த அந்த இரண்டொரு நாளாகத்தான் இருக்கும்.

அரியலூர் சந்தைக்குப் பின்னால் ஓட்டு வீட்டில் ஒரு பக்கம் அவள் குடியிருப்பு. வயது முப்பத்திரண்டு. தொழில், மணப்பெண்ணுக்கு நகம் திருத்தி மருதாணி வைப்பது. வெதுவெதுப்பான கழுநீரில் விரல்களை ஊறப்போட்டு, வேப்பங்குச்சியின் மழுங்கிய முனையால் நகக்கண்ணில் ஏறிய தோலைப் பின்னுக்குத் தள்ளுவாள். சின்னக் கத்தரியால் வெட்டி, சாணைக்கல் துண்டால் ஓரம் தேய்ப்பாள். பிறகு களிப்பாக்கும் கிராம்பும் சேர்த்துத் தானே அரைத்த மருதாணியை ஒவ்வொரு நகத்திலும் தொப்பி போட்டாற்போல வைப்பாள். அரைக்கிற அம்மியை வேறு யாரும் தொடக் கூடாது. வைக்கும்போது யாரும் தும்மக் கூடாது. தும்மினால் கோபித்துக்கொண்டு வெற்றிலை போட எழுந்து போய்விடுவாள். தும்மினவர் வந்து கூப்பிட்டால்தான் திரும்புவாள்.

பெண்கள் அந்த நேரத்தில் அழுவது வழக்கம். பிறந்த வீட்டை விட்டுப் போகிற நினைப்பு அப்போதுதான் உறைக்கும் போலிருக்கிறது. அதற்கும் அவளிடம் ஒரு சட்டம் உண்டு. "அழுவணும்னா அந்தப் பக்கம் திரும்பி அழு. ஈர மருதாணியில ஒரு சொட்டுத் தண்ணி வுழுந்தாலும் அந்த எடம் திட்டாப் போயிடும்" என்பாள். கண்ணைத் துடைத்துவிட அவள் முன்வந்து யாரும் பார்த்ததில்லை.

"உள்ளங்கையில வெச்சது பத்து நாளு. நகத்துல வெச்சது நகம் வளந்து வெட்டுப்படுற வரைக்கும்" என்பது அவளுடைய பெருமை. அது வெறும் பேச்சில்லை. நகத்தில் ஏறிய சிவப்பைச் சீயக்காயும் போக்காது, சாணியும் போக்காது. அடியிலிருந்து புது நகம் வெள்ளையாக வளர்ந்து அதை மேலே தள்ளிக்கொண்டு போகும். மாதத்துக்கு அரை அரிசி அளவு. சிவப்பை நிரந்தரமாக வைத்துக்கொள்ள வேண்டுமானால் வாரா வாரம் அடியில் பூசிக்கொண்டே வர வேண்டும்.

அப்படி வைத்துக்கொண்டிருக்கிறவள் இந்தப் பக்கத்தில் சிந்தாமணி ஒருத்திதான். வெள்ளிக்கிழமை மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு தன் பத்து நகத்துக்கும் அடியில் பூசுவாள். ஒரு மயிரிழை வெள்ளைகூடத் தெரிய விடமாட்டாள். அக்கம்பக்கத்தில் இதைப் பற்றிக் கேலி உண்டு. "ரங்கூன்ல இருக்கிற புருசனுக்கு இங்கேருந்தே கையக் காட்டுறா" என்பார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள்.

அவள் புருஷன் நடராசன் ரங்கூனில் ஒரு மரக்கடையில் வேலை பார்த்தவன். அவன் செத்துப் போய் நாலு வருஷம் ஆகப் போகிறது.

இது சிந்தாமணிக்குத் தெரியும். இன்னொரு ஆளுக்கும் தெரியும். ஜப்பான்காரன் குண்டு போட்ட பிறகு மலையும் காடுமாக நடந்தே வந்து சேர்ந்தவர்களில் மாயவன் என்று ஒருவர் அரியலூர் ஸ்டேஷனில் இறங்கி, விசாரித்துக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தார். காலில் கந்தல் சுற்றியிருந்தது. வழியில் தனக்கு வயிற்றுப்போக்கு கண்டு விழுந்துகிடந்தபோது எல்லோரும் விட்டுவிட்டுப் போக, நடராசன் மட்டும் இரண்டு நாள் உடனிருந்து தண்ணீர் கொடுத்ததைச் சொன்னார். மூன்றாம் நாள் அது நடராசனைப் பிடித்துக்கொண்டது. "எங் கையாலதான் மண்ணத் தள்ளுனேன் தாயீ" என்று சொல்லிவிட்டு, ஒரு செம்பு நீர் குடித்து, லால்குடிப் பக்கம் தன் ஊருக்குப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அவளுக்கு ஒரு பெண்ணுக்கு மருதாணி வைக்கிற ஏற்பாடு இருந்தது. போய் வைத்துவிட்டு வந்தாள். தாலி அறுத்தவள் கை மணப்பெண்மேல் படக் கூடாது என்பது இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. சாவைச் சொன்னால் தாலி போகும், வளையல் போகும், கூடவே தொழிலும் போகும். கொழுந்தன் வீட்டு அடுப்படியில் ஒரு மூலையில் மீதி நாளைத் தள்ள வேண்டியதுதான். அவள் சொல்லவில்லை. சொல்லாத குற்றத்துக்கு வாயைவிட நகம்தான் அதிகம் உழைத்தது. ஊர் அவள் கையைப் பார்த்தது, சிவப்பாக இருந்தது, நம்பிவிட்டது.

இதில் அவள் துணிச்சல்காரி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மற்றவர்கள் நம்புவதை அவளும் நம்புகிறாள். அந்தச் சாயங்காலத்திலிருந்து நாற்பத்தொரு பெண்களுக்கு வைத்திருக்கிறாள். நாற்பத்தொரு பேரின் புருஷன்மாரும் சுகமாக இருக்கிறார்களா என்று சந்தைக்கு வருகிறவர்களிடம் சாடைமாடையாக விசாரித்துக்கொண்டே இருப்பாள். எங்காவது சாவுக் கொட்டுச் சத்தம் கேட்டால் எந்த ஊர், எந்த வீடு என்று தெரிகிற வரைக்கும் அவளுக்குச் சோறு இறங்காது.

யுத்தம் இருந்தவரை பிழைத்தாள். கடிதம் வராததற்கு யுத்தமே பதில் சொல்லிக்கொண்டிருந்தது. போன வருஷம் அது முடிந்துவிட்டது. ஒவ்வொரு ஊரிலும் யாராவது ஒருவருக்கு ரங்கூனிலிருந்து கடுதாசி வர ஆரம்பித்தது. ஊரெல்லாம் சந்தோஷப்பட்ட சமாதானம் சிந்தாமணிக்குப் பெரும் பயமாக வந்து சேர்ந்தது.

இந்தத் தை மாதத்தில் பத்தே நாளில் நாலு கல்யாணம். ஓடிய ஓட்டத்தில் ஒரு வெள்ளிக்கிழமை தவறிப் போயிற்று, அதற்கடுத்ததும் தவறிப் போயிற்று. அந்த நிலையில்தான் குன்னத்துக்குப் பக்கத்து ஊரில் தனம் என்கிற அம்மாள் வீட்டுக்கு, அவள் மகள் புஷ்பவல்லிக்கு மருதாணி வைக்கப் போனாள். கூடம் முழுக்க ஒரு பக்கம் பருத்தி மூட்டை, ஒரு பக்கம் பெண்கள். பெண்ணை அழைத்துப் போக மாப்பிள்ளை வீட்டார் காலையிலேயே வந்து இறங்கிவிட்டார்கள். மாப்பிள்ளையின் அத்தை சுந்தராம்பாள் பக்கத்தில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

இடது கை முடிந்து வலது கையில் மூன்று விரல் ஆகியிருந்தது.

"பொண்ணுக்கு வெக்கிறது இருக்கட்டும். ஓங் கட்டவெரலு என்ன, அடியில வெளுத்துக் கெடக்கு?" என்றாள் சுந்தராம்பாள்.

"வாரம் பூரா கல்யாணமுங்க. எனக்கு வெச்சுக்க நேரமில்லீங்க."

"வூட்டுக்காரரு என்ன பண்றாரு?"

"ரங்கூன்லங்க."

"சண்டதான் முடிஞ்சுபோச்சே. கடுதாசி வந்துச்சா?"

"இன்னும் வல்லீங்க."

"வல்லியா? எங்க ஊர்ல மூணு வூட்டுக்கு வந்துருச்சே!" சுந்தராம்பாள் தனத்தைத் திரும்பிப் பார்த்தாள். "இருக்காரா இல்லியான்னு தெரியாத ஆளோட பொஞ்சாதியக் கூப்புட்டா நம்ம புள்ளைக்கு வெக்கிறீங்க?"

தனத்தின் முகம் கறுத்தது. "கைராசிக்காரின்னு ஊரே சொல்லுதுங்க அண்ணி" என்றாள். குரலில் உறுதி இல்லை. புஷ்பவல்லி நீட்டிய கையை மடக்கவும் முடியாமல் நீட்டவும் முடியாமல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்கு ஏன் வாதம்? பையனோட தாய்மாமன் ரங்கூன்ல பத்து வருசம் குப்ப கொட்டுனவருதானே. கேட்டுட்டாப் போச்சு." சுந்தராம்பாள் வாசல் பக்கம் குரல் கொடுத்தாள். "மாயவன் தம்பி! சித்த இப்புடி வாங்க!"

அந்தப் பேர் காதில் விழுந்ததும் சிந்தாமணி மணப்பெண்ணின் விரலை விடாமல் குனிந்துகொண்டாள். ரங்கூனில் எத்தனையோ மாயவன் இருக்கலாம் என்று நினைத்துப் பார்த்தாள். நிலைப்படியில் வந்து நின்ற கால்களை நிமிராமலே பார்த்தாள். பழக்கம் விடுமா, நகத்தைத்தான் பார்த்தாள். வலது காலில் இரண்டு விரலுக்கு நகமே இல்லை. நடந்தே வந்த கால்.

"இந்தப் புள்ள வூட்டுக்காரரு ரங்கூன்ல இருந்தாராம். அரியலூருக்காரு. உங்களுக்குத் தெரியுமா, இருக்காரா?"

"பேரு?" என்றார் மாயவன்.

புருஷன் பேரை அவள் சொல்லக் கூடாது. எல்லோரும் அவளையே பார்த்தார்கள். கடைசியில் தனம்தான் சொன்னாள். "நடராசன்."

மாயவனின் பார்வை சிந்தாமணியின் கழுத்துத் தாலிக்குப் போய், சிவந்த நகங்களுக்கு வந்து, அவள் பிடித்திருந்த மணப்பெண்ணின் விரலில் நின்றது. அந்தப் பெண் கழுத்தில் நாளைக்குத் தாலி கட்டப் போகிறவன் அவருடைய அக்காள் மகன். எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது சிந்தாமணிக்கு. ஓடினால் அதுவே பதிலாகிவிடும்.

"மரக்கடை நடராசனா?" என்றார் மாயவன். "நல்லாத் தெரியும். நான் சாவக் கெடந்தப்ப தண்ணி குடுத்த மனுசன் அவரு. இருக்காரு. கப்பலு சரியா ஓட ஆரமிச்சதும் கடுதாசி வரும்."

"அட ஆத்தா! வாயில சர்க்கரையப் போடு!" என்று யாரோ கூவினார்கள். ஒருத்தி குலவை போட்டாள். தனம் ஓடிப் போய் ரேஷன் சர்க்கரையை ஒரு பிடி அள்ளிக்கொண்டு வந்து, கையில் மருதாணி இருந்ததால் சிந்தாமணியின் வாயிலேயே போட்டாள். நெற்றியில் குங்குமத்தை அழுந்த வைத்தாள். சுந்தராம்பாள் தன் தலையிலிருந்த கதம்பத்தில் பாதியைக் கிள்ளி அவள் கொண்டையில் செருகினாள். "மனசுல வெச்சுக்காத புள்ள. எம் மருமவனுக்கு நல்லா இருக்கணுமேன்னு கேட்டுப்புட்டேன்."

"இதுல என்னங்க இருக்கு" என்றாள் சிந்தாமணி. புருஷனைப் புதைத்தவர் வாயால் புருஷன் இருக்கிறான் என்று கேட்டுவிட்டு, சர்க்கரையை விழுங்கி, சிரித்தும் காட்டினாள். மோதிர விரலுக்கு வைத்தாள். சுண்டு விரலை எடுத்தபோது நிமிர்ந்து பார்த்தாள். மாயவன் நிலையைப் பிடித்தபடி அங்கேயே நின்றுகொண்டிருந்தார். அந்த விரலும் முடிந்த பிறகுதான் வெளியே போனார்.

அவளுக்கு வண்டி கட்டும்போது மாட்டுக்கு நுகத்தடி சரிசெய்கிற சாக்கில் மாயவன் அவள் பக்கத்தில் வந்தார்.

"அவன் எங்கக்கா மவன் தாயீ" என்றார்.

"தெரியுமுங்க" என்றாள் அவள்.

வழி நெடுக அவள் அந்தப் பையனுக்காக வேண்டிக்கொண்டே வந்தாள். நாற்பத்திரண்டாவது பெண், இனி விசாரிக்க வேண்டிய வீடுகளில் லால்குடிப் பக்கமும் ஒன்று.

வீட்டுக்கு வந்து சேரும்போது பொழுது சாய்ந்திருந்தது. வெள்ளிக்கிழமை வருகிற வரைக்கும் காத்திருக்கவில்லை. மீதி இருந்த மருதாணியை எடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு, முதலில் இடது கைக்கு வைத்தாள். அது பாதி காய்ந்ததும் வலது கைக்கு வைத்தாள். கட்டை விரலின் வெள்ளை மறைந்துவிட்டதா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டாள். பத்து விரலையும் விரித்து முழங்கால்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

செய்தி அவளுக்கு முன்னால் ஊர் வந்துவிட்டிருந்தது. தெருவோடு போன பக்கத்து வீட்டு ரெங்கம்மாள் சாத்திய கதவுக்கு வெளியே நின்று சத்தம் போட்டாள்.

"ஏ சிந்தாமணி! வூட்டுக்காரரு இருக்காராமே! குன்னத்து வண்டிக்காரன் சொல்றான்!"

"ஆமாக்கா, இருக்காராம்!"

"மாரியாயி கண்ணத் தொறந்துட்டா! நம்ம தெருவுக்கே ஒரு விருந்து போடணும் நீ!"

"போட்டாப் போச்சுக்கா!"

ரெங்கம்மாளின் காலடிச் சத்தம் தெருக்கோடியில் ஓய்ந்தது. நாலு வருஷமாக நடராசனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை அவள். புருஷன் உயிரோடு இருக்கிறவள் எதைச் சொல்லி அழுவாள்? இப்போது கேட்காமல் கொள்ளாமல் வந்துவிட்டது. துடைக்கலாமென்றால் பத்து விரலிலும் ஈர மருதாணி. முந்தானையை எடுக்கவும் வழியில்லை. கண்ணீர் கன்னத்தில் வழிந்து மோவாயில் வந்து நின்றது.

சிந்தாமணி இரண்டு கைகளையும் எட்டின மட்டும் இந்தப் பக்கம் நீட்டி வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் திரும்பி அழுதாள்.