மெழுகுத் துணியில் பொதிந்த ரொட்டி

ஒற்று வேலையில் நான் சேர்ந்தபோது எனக்கு ஒன்பது வயது. வேலையைத் தந்தவர் உம்மா. என் அண்ணனை, நானாவை, கல்யாணம் முடித்து எங்கள் கட்டுக்கலை வீட்டுக்கு வந்து நாலு மாதமே ஆகியிருந்த மதினியை நான் கண்காணிக்க வேண்டும். குசினியில் என்ன காய்ச்சுகிறார், எதோடு எதைக் கலக்கிறார், அப்போது அவருடைய வாய் அசைகிறதா என்றெல்லாம் பார்த்து வந்து உம்மாவின் காதில் போட வேண்டும். ஐந்து பிள்ளைகளில் நான் கடைசி. என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து உம்மா இரகசியம் பேசியது அதுவரை நடந்ததேயில்லை. அந்தச் சந்தோஷத்துக்காக எதை வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருக்க நான் தயார்.

விஷயம் இவ்வளவுதான். நானா ஹுன்னஸ்கிரியவில் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் வந்துபோகும் கடையொன்றில் வேலைக்கு நின்றார். வியாழன் பின்னேரம் வீட்டுக்கு வருவார், வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுது சாப்பிட்டுவிட்டுப் பின்னேர பஸ்ஸில் திரும்பிவிடுவார். போகும்போது அவருக்கு ரொட்டியும் சம்பலும் பொதி கட்டிக்கொடுப்பது உம்மாவின் வேலை. வாழையிலையை வாட்டி, அழகாக மடித்து, நாரால் கட்டுவார். மறுநாளே இலை கறுத்துக் கிழிந்து, ரொட்டி செருப்புத் தோல் மாதிரி ஆகிவிடும். நானா ஒருநாளும் குறை சொன்னதில்லை. மதினி வந்த பிறகும் அவர் உம்மாவின் பொதியைக் குறை சொல்லவில்லை. மதினி சுற்றிக் கொடுத்த ரொட்டி மூன்றாம் நாளும் மெதுவாக இருந்தது என்று சொன்னார். அதுவும் எல்லாரும் இருக்கும்போது, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு சொன்னார். ஆண்பிள்ளைகளுக்கு எதை எங்கே சொல்வது என்று எப்போதுதான் தெரிந்திருக்கிறது?

மதினி ரொட்டி சுற்றியது இலையில் அல்ல, மெழுகு ஏற்றிய துணியில். மதினியின் வாப்பா ஹந்தானையில் ஒரு துரையின் பங்களாவில் சமையல்காரர். அங்கே துரைசாணி பாண் ரொட்டியையும் சீஸையும் அப்படித்தான் சுற்றி வைப்பாராம். சின்ன வயதில் மதினி அதைப் பார்த்துப் பழகியிருந்தார்.

முதலில் சந்தேகப்பட்டவர் பக்கத்து வீட்டில் இருந்த சாச்சி. உம்மாவின் தங்கச்சி. துணியைத் தொட்டுப் பார்த்து, விரலை முகர்ந்து, முகத்தைச் சுளித்தார்.

"தொரமாருட ஊட்டு வேல. இதுல என்ன கொழுப்பு ஈக்கிதோ, ஆருக்குத் தெரியும்?"

பன்றிக் கொழுப்பு என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே உம்மா போய்க் கைகழுவினார். வாப்பா தையற்காரர். மெஷினை நிறுத்திவிட்டு வந்து துணியை நகத்தால் சுரண்டினார். "தேன்மெழுகு. நான் நூலுக்குத் தடவுறதும் இதுதான்" என்றார். எதற்கும் ஒரு பேச்சுப் பேசினால் போதும் என்பது வாப்பாவின் எண்ணம். திரும்பிப் போய்த் தைக்கத் தொடங்கிவிட்டார்.

ஆனால் உம்மாவின் மனம் ஆறவில்லை. அழுக்கான துணியொன்றை ஒருநாள் எடுத்துக் கொதிதண்ணீரில் போட்டார். மெழுகு முழுக்கக் கழன்று தண்ணீரின்மேல் ஆடையாகப் படர்ந்தது. மதினி ஓடிவந்து, "மாமி, இதப் பச்சத் தண்ணீலதான் கழுவணும்" என்றார். சூட்டைக் கண்டால் தோலுரிக்கும் துணி நல்ல துணியாக இருக்க முடியாது என்று உம்மா சாச்சியிடம் சொன்னார். அதற்கடுத்த வாரம் இன்னொன்றும் வெளியே வந்தது. மதினி துணி வெட்டியது நானாவின் பழைய சாரனிலிருந்து. மெழுகோடு உருக்கியது குங்கிலியம். கட்டியவனின் உடுப்பு, மெழுகு, குங்கிலியப் புகை. இந்த மூன்றும் ஒரு குசினியில் சேர்ந்தால் அதற்கு என்ன பெயர் என்று எங்கள் தெருவில் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வசியம். பிள்ளை ஏன் அவள் தந்ததையே தின்கிறான் என்பது உம்மாவுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. என்னை வேலைக்கு எடுத்தது அன்றைக்குத்தான்.

மதினிக்குப் பாவம், ஒன்றும் தெரியாது. நான் குசினி வாசலில் நின்றதும், "வா புள்ள, நல்ல நேரம் வந்த" என்று உள்ளே இழுத்துக்கொண்டார். அம்மியில் பொடித்த குங்கிலியத்தைத் தேங்காய் எண்ணெயில் கரையவிட்டு, அதில் மெழுகை நறுக்கிப் போட்டார். எல்லாம் ஒரு பழைய தகரப் பேணியில். பேணி கொதிதண்ணீர்ச் சட்டிக்குள் நின்றது. நேரே நெருப்பில் வைத்தால் பற்றிக்கொள்ளுமாம். மெழுகு உருகியதும் தேங்காய் மட்டையைத் தட்டிச் செய்த தூரிகையால் துணியில் தடவினார். வாப்பாவின் இஸ்திரிப் பெட்டியை மேலே ஓட்டி, மெழுகைத் துணி முழுக்க இறக்கினார். அதுவரை வேலை முழுவதும் அவர் என்னோடு பேசிக்கொண்டேயிருந்தார். துரையின் நாய் கட்டிலில் படுக்குமாம், அதற்குத் தனியாகத் தலையணையாம். நான் சிரித்துச் சிரித்து விழுந்தேன். பிறகு துணியின் இரண்டு மூலையை அவரும் இரண்டு மூலையை நானுமாகப் பிடித்துத் தூக்கினோம். விரல் சுட்டது. மதினி உஸ்ஸென்று ஊதினார். நானும்தான் ஊதினேன். மெழுகு இறுகித் துணி கடுதாசி மாதிரி நின்றபோது எனக்கு அதைவிட அதிசயமான பொருள் உலகத்தில் இல்லை.

அன்றைக்கே உம்மா என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"வாய் அசஞ்சிச்சா?"

"அசஞ்சிச்சி." என்னோடு பேசினால் வாய் அசையாதா?

"ஊதினாளா?"

"ஊதின."

உம்மா என் தலையைத் தடவினார். எண்ணெய்க் கையாக இருந்தாலும் அது எவ்வளவு சுகமாக இருந்தது என்று இன்றைக்கும் சொல்வேன்.

"நல்லா யோசிச்சிச் செல்லு மகள். ஓதித்தானே ஊதின?"

உம்மாவுக்கு எந்தப் பதில் வேண்டும் என்பது அவருடைய கண்ணிலேயே இருந்தது. இல்லை என்று சொன்னால் அந்தக் கை என் தலையிலிருந்து போய்விடும்.

"ஓம். ஓதித்தான் ஊதின" என்றேன்.

வெள்ளிக்கிழமை நானா ஜும்ஆ முடிந்து வந்து தொப்பியைக்கூடக் கழற்றவில்லை, உம்மா என்னைக் கூடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். மதினி குசினியில் அவருக்கு ரொட்டி சுற்றி வைத்துவிட்டு வந்து நின்றார். உம்மா எல்லாவற்றையும் சொன்னார். இவள் கொஞ்ச நாள் தாய் வீட்டில் போய் இருக்கட்டும் என்று முடித்தார். நானா என்னைப் பார்த்தார்.

"நீ கண்டியா?"

"கண்ட."

"என்னத்தக் கண்ட?"

"மதினி ஓதி ஊதினத்த."

மதினி வாயைத் திறந்தார். நீயும்தானே ஊதினாய் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்து உம்மாவின் பக்கம் ஒதுங்கினேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நானாவிடம் திரும்பினார். "புள்ளைக்கு ஏசாதீங்க. நான் எங்கட உம்மாட ஊட்டுக்குப் போறேன்" என்றார். உம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நானா அறைக்குள் போய் மதினியின் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "கடைக்குப் பின்னால ஒரு அற ஈக்கி. ரெண்டு பேரும் அங்க போறோம்" என்றார். வாப்பா மட்டும் மெஷினிலிருந்து எழுந்து வாசல்வரை வந்தார். "மழ வாரமாதிரி ஈக்கி, கொடய எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார்.

அவர்கள் போன பிறகு குசினி மேசையில் அந்த ரொட்டிப் பொதி கிடந்தது. அதன் பக்கத்தில் போகவே எனக்குப் பயம். எல்லார் முன்னாலும் என் வாயாலேயே சொன்ன பிறகு அது எப்படிப் பொய்யாகும்? உம்மா போய் மேசையருகே கதிரையில் உட்கார்ந்தார். துணியை விரித்தார். ஒரு ரொட்டியைப் பிட்டு வாயில் வைத்தார்.

எனக்கு உயிரே போய்விட்டது. "உம்மா, தின்னாதீங்க. அது ஓதி ஊதினது" என்று கையைப் பிடித்தேன்.

உம்மா மெல்லுவதை நிறுத்தவில்லை. "ஆரு சென்ன?" என்றார்.

சொன்னது நான்தானே? அவர் பொதியில் இருந்த இரண்டு ரொட்டியையும் தின்று முடித்தார்.

அன்றிலிருந்து உம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே திரிந்தேன். வசியம் ஏறினால் எப்படித் தெரியும் என்று சாச்சியிடம் கேட்டேன். வைத்தவளைத் தேடி மனம் கிடந்து அடித்துக்கொள்ளும், சோறு இறங்காது, கண் வாசலிலேயே நிற்கும் என்றார். அடுத்த வியாழன் பின்னேரம் பஸ் வந்து ஆட்கள் எங்கள் தெருவால் போனார்கள். நானா வரவில்லை. உம்மா கடைசி ஆள் போகும்வரை வாசலில் நின்றார். பிறகு உள்ளே வந்து, சோற்றைத் தொடாமல், தலையில் போட்டிருந்த சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "அந்தப் புள்ளயயும் கூட்டிக்கிட்டு வந்தா என்ன" என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

நான் ஒரே ஓட்டமாகச் சாச்சி வீட்டுக்கு ஓடினேன். வசியம் பலித்துவிட்டது, நான் கண்டது சரிதான் என்று மூச்சிரைக்கச் சொன்னேன்.