சாமி அலமாரியில் நின்றுபோன ஜப்பான் வாட்ச்

எண்பதுகளின் தொடக்கம். காலேஜில் எல்லாப் பயல்களும் நம்பர் மின்னும் பாட்டரி வாட்சுக்கு அலைந்துகொண்டிருக்க, எனக்கு மட்டும் பத்துப் பன்னிரண்டு வருஷப் பழைய ஜப்பான் ஆட்டோமேட்டிக் மேல் பைத்தியம். ஞாயிறானால் தலைநகரின் ஆர்.கே.புரத்தில் பஸ் ஏறி, செங்கோட்டைக்குப் பின்னால் கூடும் பழைய சாமான் சந்தையில் போய் இறங்கிவிடுவேன்.

அங்கே பளபளப்பதைத் தொடவே கூடாது. பாதி வாட்சுகளின் டயலுக்குப் புதுப் பெயின்ட் அடித்திருப்பார்கள். டயலின் அடி விளிம்பில், ஆறு மணிக்குக் கீழே, எறும்பு சைஸில் ஒரு வரி எழுத்து இருக்கும். அது தெளிவாக இருந்தால் ஒரிஜினல். குழம்பியிருந்தால் நமஸ்தே சொல்லிவிட்டு நகர வேண்டியதுதான். டயலைச் சுற்றியுள்ள கேஸின் ஓரம் கூர்மையாக இருக்க வேண்டும். மழுங்கியிருந்தால் எவனோ பாலிஷ் போட்டுக் கெடுத்திருக்கிறான்.

அன்று கையில் வந்தது எல்லாவற்றிலும் பாஸ். நீல டயல், வெயிலில் சாய்த்தால் கறுப்பாகி, மறுபடி நீலமாகும். கிழமை ஜப்பான் எழுத்தில். கண்ணாடியில் கீறல், இருந்துவிட்டுப் போகட்டும்! டியூஷன் எடுத்துச் சேர்த்ததை அப்படியே கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் அம்மா மடக்கினாள். "யார் கையில இருந்ததோ! வெள்ளிக்கிழமை வரைக்கும் சாமி அலமாரில இருக்கட்டும். அப்புறம் கட்டிக்கோ."

புதன்கிழமை காலையில் பார்த்தால் நின்றுபோயிருந்தது. சாவித் திருகைத் திருகினேன். சும்மா சுற்றியது.

அப்பாவுக்குக் கொண்டாட்டம். "பெரிய எக்ஸ்பர்ட்! டயலைப் பாத்தே, உள்ள என்ன இருக்குன்னு பாத்தியா?"

அம்மா இன்னும் ஒரு படி மேலே போனாள். "சாமி முன்னாடியே நின்னுடுச்சு. நமக்கு வேண்டாம்டா, திருப்பிக் குடுத்துடு."

அடுத்த ஞாயிறு சண்டைக்குத் தயாராகப் போனேன். விற்றவனுக்கு என் வயசுதான். "டப்பா வாட்சை என் தலையில கட்டிட்டியே!" என்று இந்தியில் கத்தினேன்.

அவன் அதை வாங்கி இரண்டு குலுக்குக் குலுக்கினான். நொடி முள் வழுக்கிக்கொண்டு கிளம்பியது.

"கையில கட்டினியா?"

"இல்ல. சாமிகிட்ட வெச்சிருந்தேன்."

பக்கத்துக் கடைக்காரனைக் கூப்பிட்டான். "அரே, இதைக் கேளு! இந்த மதராஸி பகவானுக்கு வாட்ச் கட்டிவிட்டிருக்கான். பகவான் கையை ஆட்டலையாம்!"

சந்தையே சிரித்தது. கை அசைந்தால்தான் இந்த ரகத்துக்குச் சாவி ஏறும்; திருகினால் ஏறவே ஏறாது. டயல் எழுத்துவரை கரைத்துக் குடித்த எனக்கு இது தெரியாது. அதுவரை கட்டியதெல்லாம் தினம் சாவி கொடுக்கிற வாட்ச்.

"வேண்டாம்னா குடுத்துட்டுப் போ. காலைலேர்ந்து ரெண்டு பேர் இந்த மாடலைக் கேட்டாச்சு" என்றான்.

அம்மா சொன்னதும் அதைத்தான். ஆனால் நாலு நாள் செத்துக் கிடந்தது, இரண்டே குலுக்கலில் ஒன்றும் நடக்காதது மாதிரி ஓடுகிறது! என்ன மெஷின்யா இது! அவன் கையிலிருந்து பிடுங்கினேன்.

மணி கேட்டேன். நாலே முக்கால். ஞாயிற்றுக்கிழமை ராகு காலம். ஆறு மணிவரை பொறுத்திருக்கலாம். பொறுக்கவில்லை. முள்ளைச் சரிசெய்து, கட்டிக்கொண்டு, பஸ் ஸ்டாப்வரை கையை வீசி வீசி நடந்தேன்.