பழங்காநத்தம் மாடியில ஒரு கப்பல் வளையம்

புளி போட்டுத் தேய்ச்ச பித்தளை வாசம்... அது கூடவே லேசா உப்பு வாசம்.
கல்யாணமாகி வந்த புதுசுல எங்க வீட்டு வாசம் இதுதான்.

எண்பதுகளோட ஆரம்பம். பழங்காநத்தத்துல ஒரு மாடி போர்ஷன். எங்க வீட்டுக்காரருக்கு லாரி பார்சல் ஆபீஸ்ல கிளார்க் வேலை. தூத்துக்குடி லாரி வந்தா டிரைவர் யாராச்சும் "அண்ணே, ஒங்க சாமான்"னு ஒரு சாக்க இறக்குவாங்க. உள்ள பூராம் பழைய கப்பல் சாமான். பித்தளை லாந்தர், முள்ளு நகராத திசைகாட்டி, ஓரமெல்லாம் செல்லரிச்ச பாய்மரக் கப்பல் ஓவியம்...

கடலே இல்லாத மதுரையில இந்த மனுசனுக்கு இம்புட்டு ஆசை எங்க இருந்து வந்துச்சுன்னு இன்னிக்கும் எனக்குத் தெரியல.

ஒரு ஐப்பசி மாசம், பெரிய வளையம் ஒண்ணு வந்துச்சு. வெள்ளையும் ஆரஞ்சுமா பெயிண்ட். சுத்திக் கட்டுன கயிறு பாதி அறுந்து கிடந்துச்சு. "லைஃப்பாய், கப்பல் முழுகுனா புடிச்சுக்கிட்டு மிதக்குறது"ன்னாரு. அந்தப் பேர்ல எனக்கு செவப்பு சோப்பத்தான் தெரியும்!

கடல்ல மிதந்து வந்தத மீன்பிடிக்கப் போனவங்க எடுத்தாங்களாம். இவருக்கு சந்தோசம் தாங்கல. தேய்ச்சுக் கழுவி, மொட்டை மாடில காயவச்சுட்டு ஆபீஸ் போயிட்டாரு.

கீழ்வீட்டுல ஹவுஸ் ஓனர் முத்தம்மாக்கா. சோழவந்தான் பக்கம் வெத்தலைக் கொடிக்கால் குடும்பம். புருசன் இல்ல. ஒரே மகன் ராசு, கப்பல்ல வேல பாக்குறான். வருசத்துக்கு ஒருக்கா வருவான்.

அன்னிக்கு மழை விட்டு வெயில் அடிக்கவும் வத்தல் காயப்போட மாடிக்கு வந்த அக்கா, அந்த வளையத்துகிட்ட அப்படியே நின்னுட்டாங்க.

"ஏத்தா... இதுல என்னா எழுதியிருக்கு? வாசி."

நான் ஒண்ணும் நினைக்காம எழுத்துக்கூட்டி வாசிச்சேன். "நீலவேணி... பாம்பே..."

வத்தல் தட்டு கீழ விழுந்துருச்சு.

"அது எம்மகன் கப்பல்டீ."

அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனா ராசு அனுப்புன போட்டோவுல, அவன் பின்னாடி இதே மாதிரி வளையம், இதே எழுத்து. சாமி படத்துக்குப் பக்கத்துல வச்சு தெனம் பாத்த எழுத்து.

ரெண்டு பேரும் ஓட்டமும் நடையுமா பார்சல் ஆபீசுக்குப் போனோம். விசயத்தக் கேட்டதும் இவரு மொகம் செத்துப்போச்சு. கப்பல் ஏஜென்ட் ஒருத்தர் தூத்துக்குடில தெரிஞ்சவரு. அவருக்கு டிரங்க் கால் புக் பண்ணினாரு.

அப்புறம் என்ன... காத்திருக்கணும். அக்கா அங்க கெடந்த ஒரு சேலை பண்டல் மேல உக்காந்திருந்தாங்க. அழல. போன் மணி அடிக்கிறப்பல்லாம் எந்திரிப்பாங்க. வேற யாரோ லாரி எப்ப வரும்னு கேப்பாங்க. திரும்ப உக்காருவாங்க.

இவரு என்னைய வாசலுக்குக் கூட்டிப்போயி மெதுவாச் சொன்னாரு. "கப்பல் முழுகணும்னு இல்ல. யாராச்சும் கடல்ல விழுந்தாலும் இதத்தான் தூக்கிப் போடுவாங்க. அக்காகிட்ட சொல்லிராத."

நான் உள்ள போயி அக்கா பக்கத்துல உக்காந்துக்கிட்டேன்.

பொழுது சாயுற நேரத்துல லைன் கெடச்சுச்சு. இவரு கத்திக் கத்திப் பேசுறாரு. "என்னது? கல்கத்தாவா? நல்லாருக்கா?" போனை வச்சுட்டுத் திரும்புனாரு.

"அக்கா, கப்பல் பத்திரமா கல்கத்தாவுல நிக்குதாம். சரக்கு எறக்குறாங்களாம்."

ஆபீஸ்ல இருந்த லோடுமேன் எல்லாம் "அப்பாடா"ன்னாங்க. அக்கா மட்டும் அசையல.

"கப்பல் நிக்கிது தம்பி. எம்மகன் நிக்கிறானா?"

இவரு தலையக் குனிஞ்சுக்கிட்டேதான் மிச்சத்தச் சொன்னாரு. வழியில ஒரு ஆளு தவறி கடல்ல விழுந்தது உண்மைதானாம். யாரு, என்ன ஆச்சுன்னு ஏஜென்ட்டுக்குத் தெரியல. கேட்டு தந்தி அடிக்கச் சொல்றேன்னுருக்காரு.

அன்னிக்கு அக்கா வீட்டுல அடுப்பு எரியல. நான் கொண்டுபோன சோறும் அப்படியே இருந்துச்சு. லோடுமேன் ரெண்டு பேரு, எதிர் வீட்டம்மா, நாங்கன்னு எல்லாரும் அவங்க கூடவே இருந்தோம்.

மறுநாள் காலையில தந்திக்காரர் சைக்கிள் வந்து நின்னுச்சு.

அந்தக் காலத்துல தந்தின்னாலே சாவுதான். அக்கா கைய நீட்டவே இல்ல. "நீயே வாசி"ன்னு என்னையப் பாத்தாங்க. நேத்து வாசிச்சதே இன்னும் தொண்டையில நிக்குது... பிரிச்சேன்.

"நலமா இருக்கான்க்கா... ராசுவே அடிச்சிருக்கான்!"

அப்பத்தான் அக்கா அழுதாங்க பாருங்க... அம்புட்டு நேரம் அடக்குன அழுகை. அழுது முடிச்சு மொத வேலையா எங்க வீட்டுக்காரரப் புடிச்சு ஒரு வாங்கு வாங்குனாங்க. "ஒலகத்துல ஒனக்கு வேற சாமானே கெடைக்கலையாய்யா?"

அடுத்த லீவுல ராசு வந்தப்ப, வளையத்தத் தடவிப் பாத்துட்டுச் சொன்னான். விழுந்தது அவன்கூட வேல பாத்த மலையாளிப் பையனாம். மொதல்ல எறிஞ்ச வளையத்த காத்து இழுத்துட்டுப் போயிருச்சாம். அதுதான் இது. ரெண்டாவது எறிஞ்சது அவன் கைக்கு எட்டி, பொழைச்சுட்டான்.

அதுக்கப்புறம் எங்க வீட்டுக்காரரு கப்பல் பேரு எழுதின சாமான் எதையும் வீட்டுக்குக் கொண்டு வந்ததில்ல. லாந்தர், படம்னு நிறுத்திக்கிட்டாரு.

இப்ப எங்க தம்பி மகன் கப்பல்ல இருக்கான். அவன் பொண்டாட்டி நாங்க இப்ப இருக்குற வீட்டு மாடியிலதான் குடியிருக்கா. கப்பல் எந்தக் கடல்ல போகுதுன்னு போன்லயே புள்ளியாக் காட்டுவா. எனக்கு ஆச்சரியமா இருக்கும்.

போன வாரம் ரெண்டு நாளா இவ அனுப்புன மெசேஜுக்கு அவன்கிட்ட இருந்து பதிலே இல்லையாம். ஒத்த டிக்கோட நின்னுருச்சாம். சிக்னல் இல்லாத எடம் போல. எல்லாம் சரியானப்புறம்தான் எனக்கே தெரியும்.

"ஏத்தா, கீழதான இருக்கேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"ன்னேன்.

"எதுக்குத்தே ஒங்களையும் சேத்து பயமுறுத்திக்கிட்டு"ன்னு சிரிச்சா.

அந்த ரெண்டு நாளும் அந்தப் புள்ள தனியாவே போனப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு...